பெரியப்பா ஷாக் அடித்துச் செத்த கட்டுரை

காயில்காரருக்கு முதலில் அநியாயம் செய்தவள் அவருடைய தம்பி மகள். இரண்டாவதாகச் செய்தவர் கட்டுரை ஆலோசகர். மூன்றாவதாகச் செய்தது, ஆசியாவின் தலைசிறந்த இருபது பல்கலைக்கழகங்களுள் ஒன்றாகப் பதினெட்டு வருடமாக ஆகப்போகிற பல்கலைக்கழகம். இந்த வரிசையை மாற்றிச் சொன்னால் காயில்காரருக்குக் கோபம் வரும். குறை சொல்வதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும் என்பது அவர் கட்சி.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. ஐந்தாம் வகுப்போடு படிப்பு அவரைக் கைவிட்டது. எரிந்துபோன தண்ணீர் மோட்டாரைக் கொண்டுவந்து அவர் மேசையில் போட்டால், கருகிய கம்பியை உரித்தெடுத்து, உள்ளே இருக்கும் காடிப் பள்ளங்களில் காகிதம் செருகி, புதுச் செம்புக் கம்பியைச் சுற்று எண்ணிக் காயிலாகக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். நாற்பது வருடத் தொழில். எண்ணிக்கொண்டிருக்கும்போது யார் பேசினாலும் பதில் வராது. எமனே வந்து கூப்பிட்டாலும் அந்தச் சுற்று முடிந்த பிறகுதான் எழுந்து போவார் என்று தெருவில் சொல்வார்கள்.

எமன் வரவில்லை. கட்டுரை ஆலோசகர்தான் வந்தார்.

விஷயம் இதுதான். தம்பி மகள் தேர்வில் தொண்ணூற்றெட்டு மார்க் வாங்கியிருந்தாள். அவளோடு சேர்த்து இன்னும் பதினோராயிரம் பேரும் தொண்ணூற்றெட்டு வாங்கியிருந்தார்கள். பல்கலைக்கழகம் இதைப் பற்றி ஆழ்ந்து சிந்தித்து, இனி மார்க்கை நம்பிப் பயனில்லை, மனிதரின் உள்ளத்தையே அளந்துவிடுவது என்று தீர்மானித்தது. அளவு அறுநூற்றைம்பது சொல். தலைப்பு, ‘என்னை உருவாக்கிய துயரம்’. கீழே பொடி எழுத்தில் விதிமுறை: துயரம் சொந்தமானதாக இருத்தல் வேண்டும். பிறரது துயரத்தை நகலெடுத்தோர் தகுதியிழப்பர்.

தம்பி மகளுக்குத் துயரம் என்று எதுவும் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு, தனி அறை, படிக்க விளக்கு. அப்பன்காரன் ஆவணக் காப்பக அலுவலகத்தில் குமாஸ்தா. அடித்தது கிடையாது, குடித்தது கிடையாது. இப்படி ஒரு பொறுப்பில்லாத தகப்பன் வாய்த்தால் பெண் என்னதான் எழுதுவாள்? ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஆலோசகர் முன்பு பத்திரிகையில் இரங்கல் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவர். பெண்ணை உட்காரவைத்து, டாக்டர் போலப் பரிவாக விசாரித்தார்.

“வீட்ல யாருக்காவது ஏதாவது ஆகியிருக்காம்மா?”

“அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கு சார்.”

“எல்லா அப்பாவுக்கும் சர்க்கரை இருக்கு. அது ரெண்டு மார்க். வேற?”

“நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது பூனை ஒண்ணு செத்துப்போச்சு.”

“பூனை போன வருஷத்தோட போச்சு. நானூறு பேர் எழுதிட்டாங்க. நீ என்ன படிக்கப் போறே?”

“மின்பொறியியல்.”

“சொந்தத்துல மின்சார வேலை யாராவது பாக்குறாங்களா?”

பெண் வாயைத் திறந்தாள். பெரியப்பாவின் ஆயுள் அங்கே முடிந்தது.

இது எதுவும் அப்போது காயில்காரருக்குத் தெரியாது. பெண்ணுக்கு இடம் கிடைத்தது என்று தம்பி வந்து சொன்னபோது அவர் மனதாரச் சந்தோஷப்பட்டு, போய் அவள் தலையில் கைவைத்து வாழ்த்திவிட்டும் வந்தார். அவள் ஏன் அவர் முகத்தைப் பார்க்காமல் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று யோசிக்கவில்லை. மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்துச் சலவைக்கடைக்காரர் காயில்காரரின் கடைக்கு வந்தார். சலவைக்கடை மோட்டார் மேசையில் பாதி உரித்துக் கிடந்தது. வந்தவர் கையில் ஒரு புத்தகம். அந்த வருடத்தின் சிறந்த கட்டுரைகளைத் தொகுத்துப் பல்கலைக்கழகமே வெளியிட்டது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உள்ள வீட்டிலெல்லாம் அது இருந்தது. பிள்ளைகள் மனப்பாடம் செய்தார்கள், பெற்றோர்கள் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டார்கள். துயரத்தை நகலெடுக்கக் கூடாது என்ற விதி முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் இருந்தது.

“அண்ணே, தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க செத்துட்டீங்களாமே?”

“யாரு சொன்னா?”

“பதினாலாம் பக்கம்.”

காயில்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். அவருடைய கை விரல்களைப் பற்றி, வார்னிஷ் வாசனையைப் பற்றி, அவர் தம்பி மகளைத் தோளில் தூக்கிச் சுமந்ததைப் பற்றி அழகாக எழுதியிருந்தது. தோளில் தூக்கியதுகூட உண்மைதான். படிக்கப் படிக்க அவருக்கே கண் கலங்கியது. நல்ல மனிதன், பாவம் என்று நினைத்தார். அப்புறம் அந்த வரி வந்தது.

‘அன்று, காயில் சுற்ற உட்கார்ந்த பெரியப்பா, சுவிட்சை அணைக்க மறந்தார்.’

காயில்காரர் கண்ணாடியைக் கழற்றினார். கலங்கிய கண் காய்ந்துவிட்டது.

“எந்தச் சுவிட்சை?” என்றார்.

“எனக்கென்னண்ணே தெரியும்?”

“இதோ உன் மோட்டார் கிடக்கு. பாரு. இதுல ஒயர் இருக்கா? பிளக் இருக்கா? கூடு தனி, உருளை தனி, கம்பியை உரிச்சு எலும்புக்கூடா வச்சிருக்கேன். காயில் கட்டும்போது மோட்டார்ல கரண்டே இருக்காதுய்யா! இல்லாத கரண்ட்ல எப்படிய்யா ஷாக் அடிச்சுச் சாவான் ஒருத்தன்?”

“அது சரிண்ணே. ஆனா அச்சுல வந்திருக்கே.” சலவைக்கடைக்காரர் சற்றுத் தயங்கினார். “அந்த மோட்டாரை அப்படியே குடுத்துடுங்க. வேற எடத்துல பாத்துக்கறேன். சுவிட்சை அணைக்க மறக்குற ஆளுகிட்ட வேலை குடுத்தா, நாளைக்கு எங்க வீட்ல பொம்பளைங்க கையால கடைத் துணி துவைக்கணும்.”

“நான் உயிரோட உன் முன்னாடி நிக்கிறேன்ல?”

“உயிரோட இருக்கறது வேற, நம்பிக்கை வேறண்ணே.”

அந்த வாரம் இன்னும் மூன்று மோட்டார் திரும்பிப் போயின. காயில்காரர் தம்பி வீட்டுக்குப் போனார். சாவைப் பற்றி அவருக்குப் பெரிய வருத்தம் இல்லை. அது என்றைக்கானாலும் வருவது, பிள்ளை படிப்புக்கு உதவுமென்றால் கொஞ்சம் முந்தித்தான் வரட்டுமே. ஆனால் தொழில் தெரியாதவன் என்று செத்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“பெரியப்பா, உங்களைக் காய்ச்சல்லதான் சாகடிக்கறதா இருந்துச்சு,” என்று பெண் அழுதாள். “காய்ச்சலுக்கு நாலுதான் போடுவாங்கன்னு சார் சொல்லிட்டார். லாரி மோதினா அஞ்சு. படிக்கப்போற பாடத்தோட சாவு பொருந்தி வந்தாத்தான் ஒம்பது.”

“ஒம்பது வாங்கிக்கோ. யாரு வேணாம்னா? பக்கத்து வீட்டுக்காரன் சுவிட்சைப் போட்டுட்டான்னு எழுதக் கூடாதா?”

“அப்படி எழுதினா அது விபத்து பெரியப்பா. மறந்தார்னு எழுதினாத்தான் பாடம்.”

தம்பி குறுக்கே வந்தான். “விடுண்ணே. குடும்பத்துக்காக ஒரு வரி பொறுத்துக்கக் கூடாதா? செத்தவங்க இவ்வளவு கோவப்பட மாட்டாங்க.”

தம்பி நான்காவதாகப் பட்டியலில் சேர்ந்தது அப்போதுதான்.

மறுநாள் காயில்காரர் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். நாலாம் மாடியில் ‘குறைதீர் பிரிவு’ என்று பலகை. கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலுவலர். புத்தகத்தின் பதினாலாம் பக்கத்தைப் புரட்டி அந்த வரியின்மேல் விரலை வைத்தார் காயில்காரர்.

“இதை எடுக்கணும்.”

“நீங்க யாரு?”

“செத்த பெரியப்பா.”

அலுவலர் அதிர்ச்சியடையவில்லை. “இந்த மாசம் நீங்க ஒம்பதாவது ஆள். நேத்து ரெண்டு தாத்தா, ஒரு அத்தை. சரி, சாகலைன்னு சான்று வேணுமா?”

“அதெல்லாம் வேணாம். செத்ததாவே இருக்கட்டும். சுவிட்சை மட்டும் அணைச்சுடுங்க.”

அலுவலர் பேனாவை வைத்துவிட்டு அவரை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். “ஐயா, நாங்க கட்டுரையில நடந்ததைப் பாக்குறது இல்லை. உண்மை மாதிரி இருக்கான்னுதான் பாக்குறோம். உங்க சாவு ரொம்ப உண்மையா இருந்துச்சு. தேர்வுக் குழுவுல ரெண்டு பேர் அழுதாங்க. அழுததுக்குக் குறிப்பு கோப்புல இருக்கு. இப்போ அந்த வரியை எடுத்தா, அவங்க எதுக்கு அழுதாங்கன்னு தணிக்கையில கேப்பாங்க.”

“என் பொழப்பு போச்சே சார்.”

“அதை எழுதிக் குடுங்க. கட்டுரை வடிவத்துல. அறுநூத்தம்பது சொல். எல்லாக் குறையும் இப்போ கட்டுரையாத்தான் வாங்குறோம். குழிவிழுந்த ரோட்டுக்குப் புகார் குடுக்கவந்த ஒருத்தர் போன மாசம் எட்டரை வாங்கினாரு.”

“ரோட்டைப் போட்டாங்களா?”

“கட்டுரை பிரமாதம்,” என்றார் அலுவலர்.

எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள் அறுநூற்றைம்பது சொல்லுக்கு எங்கே போவார்? போகக் கூடாத இடத்துக்குத்தான் போனார். ஆலோசகர் அவரைக் கண்டதும் எழுந்து நின்று வரவேற்றார். தன் கட்டுரையில் செத்தவர்களிடம் அவருக்கு எப்போதும் மரியாதை உண்டு.

“சொல்லுங்கய்யா. உங்க துயரம் என்ன?”

“நீதான்.”

“அது எல்லாருக்கும் இருக்கு. வேற?”

“என் பேரு கெட்டுப்போச்சு. வேலை வரலை.”

ஆலோசகர் உதட்டைப் பிதுக்கினார். “பேரு கெட்டது மூணு மார்க். வேலை வரலைங்கறது ஒண்ணரை. இதைக் கொண்டுபோனா அடுக்குல அடியில வச்சிருவாங்க. குழு அழணும்யா. வீட்ல யாரு இருக்கா?”

“தம்பி இருக்கான்.”

சொன்னபிறகுதான் அது எப்படிக் காதில் விழுந்தது என்று காயில்காரருக்குப் புரிந்தது. ‘வேண்டாம்’ என்று சொல்ல வாயெடுத்தார். ‘செத்தவங்க இவ்வளவு கோவப்பட மாட்டாங்க’ என்று தம்பி சொன்னது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

“தம்பிக்கு என்ன வேலை?”

“ஆவணக் காப்பகத்துல குமாஸ்தா.”

“அலமாரி உயரமா இருக்குமா?”

“கூரை வரைக்கும் இருக்கும்.”

ஆலோசகர் எழுத, காயில்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணனின் நல்ல பேர் கெட்ட செய்தியைத் தாங்க முடியாத தம்பி, நடுங்கும் கையோடு மேல் தட்டுக் கோப்பை இழுக்க, அலமாரி சரிந்தது. அதை வாசிக்கக் கேட்ட காயில்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொன்னார்.

“ஏணியைச் சரியா நிறுத்தாம ஏறினான்னு ஒரு வரி போட்டுக்கோ. அவனுக்கு எப்பவும் அவசரம்.”

“அபாரம்! தொழில் தெரிஞ்சவர்யா நீங்க!” என்றார் ஆலோசகர்.

நாற்பது வருடம் சுற்று எண்ணிக் கட்டியதற்கு ஒருவரும் சொல்லாத வார்த்தை அது. காயில்காரர் வெட்கப்பட்டார்.

ஆறு வாரத்தில் பதில் வந்தது. அரசு முத்திரை, கனத்த தாள். ‘தங்களது மேலான குறைக்கட்டுரை பத்துக்கு ஒன்பதே கால் மதிப்பெண் பெற்றுள்ளது என்பதைப் பெருமகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். குழுவில் மூவர் அழுதனர். தங்கள் கட்டுரை வரும் ஆண்டின் தொகுப்பில் முதலாவதாக இடம்பெறும். தாங்கள் கோரிய ஒரு வரித் திருத்தத்தைப் பொறுத்தவரை, மூலக் கட்டுரையாளரின் கையொப்பம் அவசியமாகிறது. மாணவர்கள் பயிலும் காலத்தில் தம் சேர்க்கை ஆவணங்களைத் திருத்த விதி இடமளிக்காது. எனவே நான்கு ஆண்டுகள் கழித்து, மாணவி பட்டம் பெற்ற பின், அவரது கையொப்பத்துடன் அணுகவும்.’

காயில்காரர் கடிதத்தை மடித்து, அளவுகோல் இருந்த இழுப்பறையில் வைத்தார். கடையில் வேலை இல்லாததால் அதைத் தினமும் எடுத்துப் படிக்க நேரம் இருந்தது.

புதுத் தொகுப்பு வந்த அன்று தம்பி கடைக்கு ஓடிவந்தான். மூச்சு வாங்கியது.

“அண்ணே, நான் செத்ததுகூடப் போகுதுண்ணே. ஏணியைச் சரியா நிறுத்தலைன்னு எழுதியிருக்கே! முப்பது வருஷம் ஏணி ஏறினவன் நான்! ஆபீஸ்ல என்னை மேல் தட்டுப் பக்கமே விடமாட்டேங்கறாங்க. கீழ்த் தட்டுக் கோப்பு எடுக்க ஒரு பியூனைக் காவலுக்குப் போட்டிருக்காங்க!”

“குடும்பத்துக்காக ஒரு வரி பொறுத்துக்க,” என்றார் காயில்காரர். இதைச் சொல்ல அவர் ஒரு வருடம் காத்திருந்தார்.

தம்பி நாலாம் மாடிக்குப் போனான். அங்கிருந்து ஆலோசகரிடம் போனான். ஆலோசகர் வீட்டு வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது. முக்கால்வாசிப் பேர் போன தொகுப்பில் செத்தவர்கள். சலவைக்கடைக்காரர்கூட நின்றுகொண்டிருந்தார், அவர் மகன் அவரை வெந்நீர்த் தொட்டியில் முடித்துவிட்டிருந்தான். ஒருவரையொருவர் ‘நீங்க எதுல?’ என்று மரியாதையாக விசாரித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் தம்பி களைத்துப்போய்த் திரும்பி வந்து, காலி மேசையின் எதிரே உட்கார்ந்தான்.

“ஆலோசகர் கேக்கறாருண்ணே. நம்ம வீட்ல இன்னும் சாகாதவங்க யாரு இருக்கான்னு.”

காயில்காரர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். அதிக நேரம் ஆகவில்லை.

“உன் மக ஒருத்திதான் பாக்கி.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். “படிக்கிற புள்ளைண்ணே… ஆனா பத்துக்குப் பத்து நிச்சயம்ங்கறார்,” என்றான்.

காயில்காரர் எழுந்து நின்றார். அவர் அப்படிச் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை.

“அவ மேல கைவச்சே, தொலைச்சுப்புடுவேன்! இன்னும் மூணு வருஷம் அவ நல்லா இருக்கணும், நல்லாப் படிக்கணும், பட்டம் வாங்கணும். அவ கையெழுத்துப் போடலேன்னா என் சுவிட்சை யாருடா அணைக்கறது?”