திட்டு வாங்கப் போன முள்ளம்பன்றி

ஒரு காட்டில் வளை தோண்டும் வேலைக்கு எப்போதும் கிராக்கி இருந்தது. நரிக்கு வளை வேண்டும், முயலுக்கு வளை வேண்டும், உடும்புக்கும் வேண்டும். ஒழுங்காகத் தோண்டத் தெரிந்தவர்களோ கொஞ்சம் பேர். அவர்களையெல்லாம் சிங்கராஜா வேலைக்கு வைத்து, மேலே ஒரு கழுதைப்புலியை மேஸ்திரியாகப் போட்டிருந்தார். கழுதைப்புலியின் பெயர் ஏகாம்பரம்.

ஏகாம்பரம் மண்ணைத் தொட்டதே இல்லை. அவருடைய வேலை திட்டுவது. விடிந்ததும் வந்து நின்றால் பொழுது சாயும்வரை திட்டுவார். குழி ஆழமாக இருந்தால், "என்னய்யா, கிணறு வெட்டுறியா?" என்பார். ஆழம் குறைந்தால், "கோலி விளையாடவா தோண்டின?" என்பார். சரியாக இருந்தால், "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்பார்.

அங்கே வேலை பார்த்தவர்களில் கெட்டிக்காரன் தணிகாசலம் என்ற முள்ளம்பன்றி. அவன் தோண்டிய வளையில் ஒரு பிடி மண் சரியாது. ஆனாலும் தினமும் திட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு மனைவி பூரணியிடம் புலம்புவான்.

"எனக்கு இருக்கிற திறமைக்கு நான் ஏன் இன்னொருத்தன்கிட்ட கைகட்டி நிக்கணும்? சொந்தமா பண்ணப்போறேன் பூரணி."

"பண்ணுங்க. யாரு வேண்டாம்னா?" என்றாள் பூரணி.

மறுநாளே வேலையை விட்டான். விட்ட கையோடு அவனுக்கு முதல் வாடிக்கையும் கிடைத்தது. மரகதம் என்ற கீரி, பிள்ளைத்தாய்ச்சி. பழைய வளை போன மழையில் இடிந்துவிட்டது. அடுத்த மழைக்குள் புது வளை வேண்டும். குட்டி போட வேண்டும்.

"உங்களைத்தான் நம்பியிருக்கேன் அண்ணே," என்றாள்.

"கவலையே படாதம்மா. இப்ப நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வேலை பறக்கும் பாரு," என்றான் தணிகாசலம்.

முதல் நாள் பாதி வளை தோண்டினான். மறுநாள் கண் விழித்தபோது வெயில் முதுகில் அடித்தது. எழுப்ப யாரும் வரவில்லை. அந்தச் சுகத்தை அனுபவிக்கவே இன்னும் கொஞ்சம் தூங்கினான். அதற்கடுத்த நாள், வேலைக்கு முன்னால் நகங்களைத் தீட்ட வேண்டும் என்று உட்கார்ந்தான். தீட்டி முடிக்கையில் சாயங்காலம். பிறகு பெயர்ப்பலகை வைக்க நல்ல மரமாகத் தேடினான். எந்த மரமும் பிடிக்கவில்லை. செல்போனில் குரங்குகள் ஒன்றையொன்று குளத்தில் தள்ளிவிடும் வீடியோ பார்த்தான். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாக வந்தது. வந்ததை எப்படிப் பார்க்காமல் இருப்பது?

"கீரி வீடு என்னங்க ஆச்சு?" என்று பூரணி கேட்டாள்.

"மனசு வர மாட்டேங்குது. ஒரு உத்வேகம் வேணும்."

உத்வேகத்துக்கு ஒரு மயில் இருந்தது. தோகையை விரித்துக்கொண்டு செல்போனில் பேசும். காட்டில் பாதிப் பேர் அதைக் கேட்டுவிட்டுத்தான் படுத்துக்கொள்வார்கள். தணிகாசலமும் கேட்டான்.

"நண்பா! உனக்குள்ளே ஒரு சிங்கம் தூங்கிக்கிட்டு இருக்கு. அதைத் தட்டி எழுப்பு!" என்றது மயில்.

தணிகாசலத்துக்குக் குலை நடுங்கியது. "தூங்குற சிங்கத்தை எதுக்குய்யா எழுப்பச் சொல்றான்?" என்று செல்போனை அணைத்தான். அன்று முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தம் போடாமல் நடந்தான். வேலை செய்யும் நிலையில் அவன் இல்லை.

மேற்கே மேகம் கறுத்தது. மரகதம் மெல்ல நடந்து வந்தாள். வயிறு தரையைத் தொட்டது.

"அண்ணே, வீடு..."

"நாளைக்கு முடிஞ்சிடும்மா."

"நேத்தும் அதான் சொன்னீங்க." அவள் கோபப்படவில்லை. "பரவாயில்லண்ணே. உங்களுக்கு என்ன கஷ்டமோ," என்று திரும்பிப் போனாள்.

அவள் சத்தம் போட்டிருந்தால் அவன் ஓடிப்போய்த் தோண்டியிருப்பான். இப்படிச் சொல்லிவிட்டுப் போனதில் அவமானம் பிடுங்கித் தின்றது. நேராகக் குளத்துக்குப் போனான். தன்னைத் தானே திட்டிக்கொள்ளலாம் என்று யோசனை. தண்ணீரில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்து, "உருப்படாத பயலே!" என்றான். தண்ணீரில் இருந்தவனும் அதே நேரத்தில் அதையே சொன்னான். "யாரைப் பார்த்து உருப்படாதவன்னு சொல்ற?" என்றான் தணிகாசலம். தண்ணீரில் இருந்தவனும் விடவில்லை. வாக்குவாதம் முற்றியது. கடைசியில் தணிகாசலத்துக்கு மனசு ஒடிந்து, அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டான்.

அப்போதுதான் அவனுக்கு ஏகாம்பரம் ஞாபகம் வந்தார்.

ஏகாம்பரம் அந்த இடைவெளியில் ஓய்வு பெற்றிருந்தார். பாறை நிழலில் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தார். எதிரே எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றிடம் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, கும்பிடறேன். ஒரு உதவி. வந்து என்னைக் கொஞ்சம் திட்டணும்."

ஏகாம்பரம் கனிவாகச் சிரித்தார். "அதெல்லாம் விட்டாச்சு தணிகாசலம். ரத்தக் கொதிப்பு. கோபமே ஆகாதுன்னு ஆந்தை வைத்தியர் சொல்லிட்டார். உன்னைப்போல ஒரு தங்கமான பையனை நான் எப்படியப்பா திட்டுவேன்?"

தணிகாசலத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயா, அப்படிச் சொல்லாதீங்க. ஒரு பிள்ளைத்தாய்ச்சி மழையில நிக்கப்போறா. சும்மா வேண்டாம், எலும்பு தர்றேன்."

"எலும்புக்காக இல்லப்பா, எனக்குக் கோபம் வர்றதில்ல," என்றார் அவர் பரிதாபமாக.

"சரி, வேலை நடக்குற இடத்தையாவது வந்து பாருங்க."

பழக்கதோஷம், எழுந்து வந்தார். பாதி தோண்டிய வளையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மேட்டைப் பார்த்தார். மறுபடியும் வளையைப் பார்த்தார். அவருடைய பிடரி மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

"வாசலை எந்தப் பக்கம் வச்சிருக்க?"

"மேட்டைப் பார்த்துங்கய்யா. காத்து நல்லா வரும்னு..."

"காத்தா? மேட்டுத் தண்ணி மொத்தமும் நேரா உள்ள வரும்டா! குட்டி போட வீடு கட்டுறியா, மீன் வளர்க்கத் தொட்டி கட்டுறியா? இத்தனை வருஷம் என்கிட்ட இருந்து என்னத்தக் கத்துக்கிட்ட? மண்ணு திங்கக் கத்துக்கிட்டியா? என்ன முழிக்கிற? அந்த வாசலை மூடு! கீழ்ப்பக்கம் திற! மண்ணை அங்க ஏன்டா கொட்டுற, உங்க மாமனார் வந்து அள்ளுவாரா?"

தணிகாசலத்தின் கால்கள் தாமாக ஓடின. நகங்கள் தாமாகத் தோண்டின. மண் வானத்துக்குப் பறந்தது. கண்ணில் நீர் வழிந்தது. ஆனந்தமா அவமானமா என்று பார்க்க அவனுக்கு நேரமில்லை. பூரணி சோறு கொண்டுவந்தாள். "திங்கவா வந்த?" என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது. நின்றுகொண்டே தின்றான்.

முதல் தூறல் விழும்போது வளை முடிந்தது. மரகதம் உள்ளே நுழைந்து காய்ந்த புல்லில் படுத்தாள். மழை கொட்டித் தீர்த்தது. மேட்டுத் தண்ணீர் வளையின் முதுகுப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஓடியது. விடியும்போது உள்ளேயிருந்து கீச்சுக் கீச்சென்று குட்டிகளின் சத்தம் கேட்டது. தணிகாசலம் வெளியே நனைந்தபடி நின்று அதைக் கேட்டான்.

"வாயைப் பிளந்துக்கிட்டு என்ன வேடிக்கை? அடுத்த வேலைக்குக் கிளம்பு!" என்றார் ஏகாம்பரம். ஆந்தை வைத்தியர் பரிசோதித்துப் பார்த்ததில் அவருடைய ரத்தக் கொதிப்பு காணாமல் போயிருந்தது.

அதன்பின் தணிகாசலத்தின் தொழில் ஓங்கியது. ஏகாம்பரம் தினமும் விடியலில் வந்துவிடுவார். கூலி எலும்பு. திருவிழா நாளில் எலும்போடு மஜ்ஜையும்.

ஒருநாள் தணிகாசலம் தலையைச் சொறிந்துகொண்டு போய், "ஐயா, மச்சினி கல்யாணம். ஒருநாள் லீவு வேணும்," என்றான்.

"கிடையாது. போய் வேலையைப் பாரு!"

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னான். பூரணி இடுப்பில் கைவைத்தாள்.

"என் தங்கச்சி கல்யாணத்துக்கு வர லீவு இல்லையா? அங்கேயும் திட்டு, இங்கேயும் திட்டு. அங்கேயும் லீவு இல்ல, இங்கேயும் லீவு இல்ல. அப்புறம் எதுக்குங்க அந்த வேலையை விட்டீங்க?"

தணிகாசலம் முட்களைக் கம்பீரமாக விரித்தான்.

"என்ன பேசற நீ? அங்க என்னைத் திட்டுறதுக்கு ராஜா அவருக்குக் கூலி கொடுத்தாரு. இங்க நான் கொடுக்கறேன். முதலாளின்னா சும்மாவா?"

நீதி: சொந்தக் காலில் நிற்பது நல்லதுதான், அந்தக் காலை மிதிக்க ஒருவரைக் கூலிக்கு வைத்துக்கொள்ளவும்.