முறுக்கு அண்ணாச்சியும் சீர் டிராக்டரும்

ரோஷத்தைக் கடையில் வைத்து விற்க முடிந்திருந்தால், தென்காசியில் எங்கள் அடுத்த வீட்டுக்காரர் ஒருவரே திருநெல்வேலி ஜில்லா முழுவதற்கும் சரக்கு அனுப்பியிருப்பார். ஊர் அவருக்கு இட்ட பெயர் முறுக்கு அண்ணாச்சி. பிறருக்கு மாப்பிள்ளை முறுக்கு மறுவீட்டு விருந்தோடு தணிந்துவிடும். இவருக்கு ஏழு ஆண்டுகளாகியும் தணியவில்லை.

காரணம் ஒரு டிராக்டர். கல்யாணச் சீராகக் கார் தருவதாகச் சொன்ன சிவகிரி மாமனார், வயலுள்ள மாப்பிள்ளைக்கு இதுவே உதவும் என்று அதை அனுப்பிவைத்தார். "இதுல ஏறியா நான் கோயிலுக்குப் போவ?" என்று கொதித்த அண்ணாச்சி, இனி அதைக் கையால் தொடுவதில்லை, மாமனாரோடு பேசுவதில்லை என்று சபதம் செய்து, வண்டியை வைக்கோல் கொட்டகையில் அடைத்தார்.

ஐம்பதுகளின் இறுதியில் ஒரு சாரல் காலம். குற்றாலத்துக்குக் குளிக்க வரும் மாமனாரிடமிருந்து செய்தி வந்தது. மறுநாள் வாசல்வரை வருவார். டிராக்டர் ஓடினால் வீட்டுக்குள் காலெடுத்து வைப்பார். இல்லையேல் வாசலோடு தம் வில்வண்டியைத் திருப்பிவிடுவார். ஏழு ஆண்டுகளாகத் தந்தை முகம் பாராத அண்ணாச்சியின் மனைவி, கணவர் இறங்கிவரும்வரை சமையலில்லை என்று அன்று அடுப்பே மூட்டவில்லை.

விடிந்ததும் அண்ணாச்சி என் வாசலில் நின்றார்.

"சார்வாள், நீங்க பிசிக்ஸ் படிச்ச ஆளு. அதைக் கொஞ்சம் எழுப்பித் தாங்க."

"நீங்களும் கூட நிப்பீங்கள்லா அண்ணாச்சி?"

"நிப்பேன். கை மட்டும் வைக்க மாட்டேன். சொன்ன சொல்லுலா!"

சட்டையின் சலவை மடிப்புக் கலையாமல் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போகிறவன் என்று பெயரெடுத்த நான், அன்று டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். துருவுக்கு மண்ணெண்ணெய் விட்டேன், பிளக்கைச் சுரண்டினேன், வண்டி ஓட இரண்டு புட்டி எண்ணெய் ஊற்றினேன். அண்ணாச்சியோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தள்ள வேண்டியபோது முதுகைக் கொடுத்தார். ஸ்பானரைக் கால்விரலால் கவ்வி நீட்டினார்.

"ஸ்பானரையாவது கையால குடுங்களேன்!"

"அதுவும் சீர்ல வந்ததுதான், சார்வாள்!"

முன்பக்கக் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி என் தோள் கழன்றது. திடீரென்று புகைக்குழாயிலிருந்து ஒரு காலி அணில்கூடு வானத்துக்கு எழும்பி, என் தலையில் இறங்கியது. எஞ்சின் உறுமியது.

"ஏயப்பா! உயிரு வந்துட்டுலா!"

சபதம் மறந்து இருக்கையில் தாவியேறிய அண்ணாச்சி, கண்ணில் பட்ட கம்பிகளையெல்லாம் இழுத்தார். வண்டி வயலில் இறங்கி வட்டமடித்து ஓடியது. அதே நேரம் வாசலில் மாமனாரின் வில்வண்டி வந்து நின்றது. அவர் பார்க்குமுன் இறங்கிவிட அண்ணாச்சி துடித்தார். ஆனால் நிறுத்தும் வழி அவருக்குத் தெரியாது. என் பட்டப்படிப்பிலும் அப்பாடம் இடம்பெறவில்லை.

மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கி, டிராக்டரோடு கூடவே நடந்தார்.

"மாப்ளே, சொகமா இருக்கியளா?"

அண்ணாச்சி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு சுற்று முடிந்தது.

"மெலிஞ்சிட்டியளே மாப்ளே!"

"இதை எப்பிடி நிப்பாட்டணும், மாமா?"

"எனக்கென்ன தெரியும்? வாங்கி அனுப்புனதோட சரி!"

அண்ணாச்சி வெடித்துச் சிரித்தார். மாமனாரும் சிரித்தார். அடுத்தடுத்த சுற்றுகளில் விளைச்சல், மழை, சிவகிரி உறவினர் உடல்நிலை எல்லாம் பேசித் தீர்ந்தன. "இலை போட்டாச்சு, ரெண்டு பேரும் வாங்க!" என்று வரப்பிலிருந்து அண்ணாச்சியின் மனைவி கூவியது இருவர் காதிலும் விழவில்லை.

எண்ணெய் தீர்ந்து டிராக்டர் தானாக நின்றது. இன்னும் ஒரு புட்டி ஊற்றியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றியது.