கியர் பெட்டிக்கு எந்த எண்ணெய்?

வாசகரே, நான் இப்போது உங்களுக்குக் காட்டப்போகும் பிராணி கடிக்காது, முட்டாது, யாருக்கும் ஒரு கெடுதலும் நினைக்காது. கேட்கும். அவ்வளவுதான். தெருவில் எதிர்ப்படுகிறவரை நிறுத்தி, மேல்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, "உங்க அபிப்பிராயம் எப்படி?" என்று கேட்கும். நீங்கள் சொல்வீர்கள். அது மிகுந்த நன்றியோடு தலையாட்டும். நீங்கள் முனை திரும்பியதும் அடுத்தவரிடம் போய், "இப்பத்தான் ஒருத்தர் இப்படிச் சொன்னாரு, உங்க அபிப்பிராயம் எப்படி?" என்று ஆரம்பிக்கும். இதற்கு யோசனை கேட்பவர் என்று பெயர். அறிவில்லாதவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அறிவில்லாதவன் எங்கே கேட்கிறான்? அவன் பாட்டுக்குச் செய்துவிட்டுப் போய்விடுகிறான்.

இந்த இனத்தில் நல்ல உருப்படி ஒன்று வேண்டுமென்றால், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் செங்கலும் மணலும் குத்தகைக்கு ஏற்றிக்கொண்டிருந்த பக்கிரிசாமியைத்தான் சொல்ல வேண்டும். தங்கமான மனிதர். அவரிடம் இரண்டு லோரிகள் ஓடின. அவை ஓடியதற்குக் காரணம் டிரைவர்கள் அவரைக் கலக்காமல் ஓட்டியதுதான். மற்றபடி, அவருக்குத் தலை வலித்தால்கூட, படுக்கலாமா நடக்கலாமா என்று வீட்டில் எல்லோரையும் கேட்டு முடிப்பதற்குள் வலி சலித்துப்போய் இறங்கிவிடும். ஒருநாள் பாசார் சந்தையில் மழைக்கு ஒதுங்கியவர், எதிர்க்கடையில் ஒரு குடை வாங்கலாமா என்று கூட ஒதுங்கியவர்களை விசாரிக்கத் தொடங்கினார். கறுப்பா, பழுப்பா? மூங்கில் பிடியா, பிரம்புப் பிடியா? சபை ஒரு முடிவுக்கு வருமுன் மழை விட்டுவிட்டது. "பார்த்தீங்களா? அவசரப்பட்டிருந்தா காசு வீணாப் போயிருக்கும்," என்று அவர் வெற்றியோடு வீடு திரும்பினார்.

இப்படிப்பட்டவர் கையில் கடவுள் ஒரு பந்தயக் காரைக் கொடுத்தார்.

ரப்பர் விலை படுத்துவிட்ட சமயம் அது. செராஸ் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குப் போகிற அவசரத்தில், தம்முடைய சிவப்பு நிற இரண்டு ஆள் மோட்டாரைப் பக்கிரிசாமி தலையில் கட்டிவிட்டார். எழுபது மைல் வேகம் போகும் கார். பக்கிரிசாமி அதை மாட்டு வண்டிக்கு வழிவிட்டு ஓட்டினார். முதல் கியரிலிருந்து இரண்டாவது கியருக்கு மாற்றும்போதெல்லாம், யாரோ காலையில் வாய் கொப்பளிக்கிற மாதிரி பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். கப்பலேறுவதற்கு முன் துரை தமது தோட்டத் தமிழில் ஒன்று சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்: "பக்கிரி, கியர் பெட்டிக்கு தண்ணி மாதிரி எண்ணெய் ஊத்து. கெட்டி எண்ணெய் வேணாம். வெளங்குதா?"

விளங்கியது. ஆனால் ஒரு கேள்விக்கு ஒரே ஒரு பதில்தானா? நம்மவருக்கு அது பதிலாகவே படவில்லை.

சாதாரணமாக இருந்தால் இந்த விசாரணை வருஷக்கணக்கில் சுகமாக நடந்திருக்கும். ஆனால் அவருடைய மனைவி இராஜம்மாவின் தம்பி விஜயனுக்குக் கிள்ளானில் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெண் புஷ்பவல்லி; அரிசிக்கடை அய்யாவுவின் ஒரே மகள். அய்யாவு, யாராவது தம்மை மதிக்காமல் இருக்கிறார்களா என்று காலையிலிருந்து மாலைவரை சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருப்பவர். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஜவுளிக்கடை உமரின் பெரிய அமெரிக்கக் காரை ஏற்பாடு செய்கிறேன் என்று அவர் சொல்லியனுப்ப, இராஜம்மா, "எங்க வீட்டுலயே மோட்டார் இருக்கு, அதுலதான் என் தம்பி வருவான்," என்று பதில் அனுப்பிவிட்டாள். அய்யாவு இரண்டே வார்த்தை சொன்னாராம்: "வரட்டும், பார்ப்போம்."

அந்தப் "பார்ப்போ"மைக் கேட்டதிலிருந்து இராஜம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "வாய் கொப்பளிக்கிற வண்டியில என் தம்பி போனா அந்த மனுஷன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாரு. எதையாவது ஊத்திச் சத்தத்தை நிறுத்துங்க."

"எதை ஊத்தலாங்கிற?"

"தொரைதான் சொல்லிட்டுப் போனாரே!"

"அவர் வண்டிய வித்துட்டுப் போறவரு. வித்தவன் பேச்சைக் கேக்கலாமா?"

"ஏங்க, ஆயுசுல ஒரே ஒரு தடவை நீங்களா ஒரு முடிவு எடுங்களேன்."

பக்கிரிசாமி ஆழ்ந்து யோசித்துவிட்டுக் கேட்டார்: "எடுக்கலாமாங்கிற?"

இராஜம்மா உள்ளே போய்விட்டாள். பக்கிரிசாமி வெளியே போய்விட்டார்.

முதலில் அடுத்த வீட்டு ராதாகிருஷ்ணன். ரயில்வேயில் கணக்கு எழுதும் கிராணி, எஞ்சினை ஜன்னல் வழியாகத் தினமும் பார்க்கிறவர். "கெட்டி எண்ணெய்தான் அண்ணே. நீராவி எஞ்சினுக்கு ஊத்துறாங்களே, பாகு மாதிரி, அது. ரயிலையே இழுக்குது, உங்க வண்டிய இழுக்காதா?" நியாயமாகத்தான் பட்டது. பாகு மாதிரி எண்ணெய் வாங்கி ஊற்றப்பட்டது. வாய் கொப்பளிக்கிற சத்தம் நின்றது; கூடவே கியரும் நின்றது. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினால்தான் கியர்க் கம்பி நகர்ந்தது.

அடுத்து, பிள்ளைப்பேறு பார்க்கிற மாரியாயி. அவளிடம் ஏன் கேட்டார் என்கிறீர்களா? எதிரே வந்தாள், அதனால் கேட்டார். "இறுகிக் கிடக்குதா? அப்ப வெளக்கெண்ணெய்தான். எத்தனை வயித்தை இளக்கி விட்டிருக்கேன், ஒரு பெட்டிய இளக்காதா?" என்றாள் அவள். சீமையில் பந்தயம் ஓட்டுகிறவர்களே விளக்கெண்ணெயைத்தான் நம்புகிறார்கள் என்று ராதாகிருஷ்ணனும் எங்கேயோ படித்ததாகச் சொன்னதால், ஒரு போத்தல் விளக்கெண்ணெயும் உள்ளே போயிற்று. பழைய எண்ணெயை இறக்கிவிட்டு ஊற்றுவதா, அதன் தலையிலேயே ஊற்றுவதா என்பது தனிக் கேள்வி. அது முடிவாகாத காரணத்தால் எல்லாம் தலையிலேயே ஊற்றப்பட்டன.

அப்புறம் சாலாக் செலாத்தானில் பட்டறை வைத்திருந்த சீனர் ஆ லோய். அவர் பெட்டி மூடியைத் திறந்து, விரலை விட்டு, மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்தார். "சாமா சாஜா, தவுக்கே! மொதலாளி, எண்ணெய் எல்லாம் ஒண்ணுதான் லா!" என்று கைக்கெட்டிய தகரத்திலிருந்து எதையோ ஊற்றினார். அந்தத் தகரத்தில் என்ன இருந்தது என்பது ஆ லோய்க்கும் தெரியாது.

கல்யாணத்துக்கு முதல்நாள் காலையில் மாப்பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பக்கிரிசாமி கிள்ளானுக்குப் புறப்பட்டார். இராஜம்மாவும் மற்றவர்களும் லோரியில். விஜயன் சாதுவான பையன். பெண்ணை ஒருமுறை, அதுவும் குனிந்த தலையைத்தான் பார்த்திருந்தான். "அத்தான், அவங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்குமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். பக்கிரிசாமியிடம் ஒருவர் கேள்வி கேட்பதா? அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எப்படியோ கடைசிக் கியரில் விழுந்துவிட்ட கம்பியை அப்படியே விட்டு, சடக்கில் குறுக்கே வந்த கோழி, ஆடு, சைக்கிள் எதற்கும் நிற்காமல், ஹாரனை அமுக்கிய விரலை எடுக்காமல் கிள்ளான் போய்ச் சேர்ந்தார்.

சேர்ந்தவர் சும்மா இருந்திருக்கலாம். முடியுமா? சாயங்காலம் ஊர்வலத்துக்குக் கோயில் வாசலில் காரை நிறுத்திப் பூமாலை சுற்றிக்கொண்டிருந்தபோது, உமர் வேடிக்கை பார்க்க வந்தார். சொந்தமாகக் கார் வைத்திருக்கிறவர்! பக்கிரிசாமியின் தலை தானாக ஒரு பக்கம் சாய்ந்தது.

"உமரண்ணே, உங்க அபிப்பிராயம் எப்படி?"

"இதுக்கா இம்புட்டுக் கவலைப்படுறீங்க? ரெண்டு வாழைப்பழத்தை உரிச்சு உள்ள தள்ளுங்கண்ணே. சத்தம் மூச்சு விடாது. சிங்கப்பூர்ல பழைய வண்டி விக்கிறவங்கள்லாம் இப்படித்தான் செய்யிறாங்க."

தாம்பூலத் தட்டில் வாழைப்பழத்துக்குப் பஞ்சமா? உமர் சொன்னது இரண்டு. கோயில் குருக்கள், ஒற்றைப்படையாக இருந்தால் நல்லது என்றார். மூன்று போயிற்று.

நாதஸ்வரக்காரர் சீவாளியை நனைத்துக்கொண்டார். விஜயன் தலைப்பாகையோடு ஏறி உட்கார்ந்தான். பக்கிரிசாமி கம்பியை முதல் கியருக்குத் தள்ளினார். போகவில்லை. இரண்டாவது? போகவில்லை. மூன்றாவது பக்கம் அசையவே இல்லை. பாகு, விளக்கெண்ணெய், தகரத்து மர்மம், வாழைப்பழம் எல்லாம் சேர்ந்து உள்ளே பஞ்சாமிர்தமாகியிருந்தன. கடைசியில், பிள்ளையாரை நினைத்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தபோது கம்பி 'சளக்' என்று ஒரு இடத்தில் போய் உட்கார்ந்தது.

பின்பக்கக் கியர்.

அங்கிருந்து அது வெளியே வர மறுத்துவிட்டது.

லோரி அருகே நின்ற இராஜம்மாவின் முகம் வெளுத்துப்போனது. உமரின் கார் கடைவாசலில் பளபளவென்று நின்றது. அய்யாவு பெண் வீட்டு வாசலில் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பக்கிரிசாமி வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். கேட்பதற்கு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத் தவில்காரர் ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டார். அவர் கேட்டது யாருக்கும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, பதில் இல்லாத நிலையில், பக்கிரிசாமி தாமே ஒரு முடிவு செய்தார். தள்ளிக்கொண்டு வந்து காரின் முதுகைப் பெண் வீட்டுப் பக்கம் திருப்பிவைக்கச் சொன்னார். கழுத்தை முறுக்கிப் பின்னால் பார்த்துக்கொண்டு பெடலை அமுக்கினார்.

ஊர்வலம் புறப்பட்டது. காரின் பின்புறம் தங்களை நோக்கி வருவதைக் கண்ட மேளக்காரர்கள், முதுகைக் காட்டப் பயந்து, காரைப் பார்த்தபடியே பின்னுக்கு நடந்துகொண்டு வாசித்தார்கள். தவில்காரர் ஒரு சாக்கடையில் கால் வைத்தும் தாளம் தப்பவில்லை. மாப்பிள்ளையோ, பின்தொடர்ந்த பெண்களையும் பிள்ளைகளையும் நேருக்கு நேர் பார்த்தபடி, அவர்களுக்கு விடைகொடுத்துக்கொண்டு போகிறவன் போல உட்கார்ந்திருந்தான். கடைத்தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது.

பெண் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்றவள் பெண்ணின் அத்தை வீரம்மா. கண் கொஞ்சம் மந்தம். பூமாலை சுற்றி வட்டமாக ஏதோ ஒன்று முன்னால் வந்து நின்றதும், பயபக்தியோடு மூன்று சுற்றுச் சுற்றி, குங்குமத்தைத் தொட்டு, காரின் பின்னால் மாட்டியிருந்த உபரிச் சக்கரத்துக்குப் பொட்டு வைத்துவிட்டாள்.

"மாப்பிள்ளை கறுப்புத்தான், ஆனா நல்ல வட்ட முகம்," என்றாள்.

"அத்தே, நான் இங்க இருக்கேன்!" என்று மறுகோடியிலிருந்து விஜயன் கையைத் தூக்கினான்.

எல்லோரும் அய்யாவுவைப் பார்த்தார்கள். அய்யாவுவின் மீசை துடித்தது. அப்போது வீட்டுக்குள், ஜன்னல் பக்கமிருந்து, ஒரு பெண் அடக்க முடியாமல் சிரித்தாள். கலகலவென்று. புஷ்பவல்லிதான். விஜயன் அந்தச் சிரிப்பைக் கேட்டுத் தானும் சிரித்துவிட்டான். வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்த கேள்விக்கு அவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. மகள் சிரித்த பிறகு அய்யாவு என்ன செய்வார்? கடிகாரத்தை மடியில் செருகினார்.

"என்னங்க இது, புது வழக்கமா?" என்றார் விறைப்பாக.

இராஜம்மா முந்திக்கொண்டாள். "ஆமாங்க. பொண்ணு வீட்டுக்கு வர்ற மாப்பிள்ளை, பொறந்த வீட்டு ஆளுங்களுக்கு முதுகு காட்டக்கூடாது பாருங்க. கோலாலம்பூர்ல இப்ப இப்படித்தான்."

தமக்குத் தெரியாத மரியாதை ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள அய்யாவுவுக்கு மனம் வருமா? "தெரியுமே, தெரியுமே," என்று தலையாட்டி மாப்பிள்ளையைக் கைகொடுத்து இறக்கினார்.

மறுநாள் தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருக்கையில், தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வந்திருந்த தோப்புக்காரர் ஒருவர் பக்கிரிசாமியைத் தேடி வந்தார்.

"எனக்கும் தை மாசம் மக கல்யாணம் வருதுங்க. வீட்டுல மோட்டார் இருக்கு. நேத்து மாதிரியே ஒய்யாரமாப் பின்னாலயே ஓட்டி மாப்பிள்ளைய அழைக்கணும். கியர் பெட்டிக்கு எந்த எண்ணெய் ஊத்தணும்? நீங்கதான் சொல்லணும்."

பிறந்ததிலிருந்து பக்கிரிசாமியிடம் ஒருவரும் ஒரு விஷயத்தில் யோசனை கேட்டதில்லை. அவர் நிமிர்ந்தார். மேல்துண்டைச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார். கண்ணில் ஒரு ஒளி வந்தது.

"கொஞ்சம் இருங்க," என்றார். "உள்ள கேட்டுட்டு வந்து சொல்றேன்."

சிரிக்கிறீர்களா, வாசகரே? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இந்தப் பிராணி பிரிக்பீல்ட்ஸில் மட்டும் வளர்வதில்லை. இதைப் படித்து முடித்ததும் உங்களுக்கு மெல்ல ஒரு சந்தேகம் தட்டும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "ஏம்ப்பா, நானும் இப்படியா இருக்கேன்?" என்று கேட்க நாக்கு துருதுருக்கும். தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள். கேட்டீர்களோ, அவர் பதில் சொல்லவே வேண்டியதில்லை.