டெலியாவின் தம்பிகள் வரிசை

நம் வானொலியில் தினமும் காலைச் செய்திக்குப் பிறகு மரண அறிவிப்பு வாசிக்கும் மதிப்புக்குரிய திரு. ஹானிஃபி அவர்களுக்கு, மாலக்கி டைர்னி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்கள் நலமென நம்புகிறேன். எங்கள் வீட்டில் நலமில்லை. என் அக்கா டெலியா இன்று விடியலில், ரொட்டிக்கு மாவு பிசைய எழுந்தவள், அப்படியே காலமாகிவிட்டாள்.

அடக்க ஏற்பாடு செய்பவர் அறிவிப்பைத் தானே எழுதுவதாகச் சொன்னார். அவர் எல்லாரையும் 'அமைதியாக' சாகவைக்கிறவர். டெலியா ஒரு நாளும் அமைதியாக இருந்ததில்லை. அதனால் வீட்டுக்கு மூத்த ஆண் என்ற முறையில் பேனாவை நானே எடுத்தேன். அவள் ரொட்டி வாசத்துக்கு லிமெரிக் ரயில் நின்று போனதையும், மூன்று பிஷப்புகள் அவளைச் சமையலுக்குக் கேட்டு ஆளனுப்பியதையும் எழுதினேன். அவள் மகள் ஊனா எதிரில் நின்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடித்தாள். "நம்ம ஊர்ப்பக்கம் ரயிலே கிடையாது மாமா" என்றாள். வாசம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு அதுவே சாட்சி என்றேன்.

ரயில் போகட்டும், பிஷப்புகளும் போகட்டும். கடைசி வரியில் கை வைத்தாள் பாருங்கள், அதைத்தான் என்னால் விடமுடியவில்லை. 'தம்பிகள் மாலக்கி, ஃபின்டன்' என்று எழுதியிருந்தேன். ஃபின்டனை அடித்துவிட்டாள். முன்பு ஊனாவின் அப்பா இறந்தபோது அறிவிப்பில் யாரோ ஃபின்டன் பெயரை விட்டுவிட்டார்கள். வயலுக்கு அந்தப்பக்கம்தான் அவன் வீடு. வானொலியில் பெயர் வராத சாவுக்கு வரமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. நாளைக் காலையும் தேநீரை ஆறவிட்டு உங்கள் குரலுக்குத்தான் காதைக் கொடுத்திருப்பான். பெயர் வராவிட்டால் சொந்த அக்காவை மண்ணில் இறக்கும்போது அவன் இருக்கமாட்டான்.

"எங்கப்பா சாவுக்கு வராத ஆளுக்கு எங்கம்மா சாவுல பேரு எதுக்கு?" என்கிறாள் ஊனா. அதைக் கேட்டு, சவப்பெட்டியைச் சுற்றித் தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஊரே கோப்பையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டது. அறிவிப்புத் தாளை வானொலி நிலையத்துக்குக் கொண்டுபோகப் பக்கத்து வீட்டு லெனிஹன் காரை ஓடவிட்டபடி வாசலில் நிற்கிறார். ஊனா சாண்ட்விச் வெட்டப் போன நேரம் பார்த்து இதைத் தனியாக எழுதுகிறேன். ஐயா, அவள் தரும் தாளில் ஃபின்டன் இருக்கமாட்டான். தாங்கள் வாய் தவறியதுபோல் அவனையும் சேர்த்து வாசித்துவிடுங்கள். பழி என் மேல்.

ஆண்டவர் தங்கள் தொண்டையில் கரகரப்பு வராமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
மாலக்கி டைர்னி

பின்குறிப்பு: மேலே உள்ளது எதுவும் வேண்டாம். உறையை ஒட்டும்போது பின்கதவைத் திறந்துகொண்டு ஃபின்டன் வந்து நின்றான், தொப்பி கையில். ஊனா கத்தியைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "ரேடியோவுல இன்னும் உங்க பேரு வரலையே, பெரிய மாமா?"

"காலையில ரொட்டி வாசம் வரல" என்றான். "மத்தியானமும் வரல. அதான் வந்தேன்."

ஊனா கத்தியை வைத்துவிட்டு அவனுக்குத் தேநீர் ஊற்றினாள். பிறகு என் பேனாவைப் பிடுங்கி அறிவிப்பைத் தானே திருத்தினாள். வாசிக்க வேண்டியது: 'மகள் ஊனா, தம்பிகள் ஃபின்டன், மாலக்கி.' வரிசை மாறக்கூடாதாம். மூத்தவர் பக்கத்திலேயே நிற்கிறார்.