மூன்றாம் முகட்டோடு மௌனிகா பொருத கதை

வாழி! வடகரப்பதி வரப்பில் பிறந்தவளும், கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் நின்றபடியே அணுக்கரு இயற்பியல் கற்றவளும், எம்.எஸ்ஸி. இரண்டாமாண்டின் இணையிலா வீராங்கனையுமான மௌனிகா வாழி! ஐந்து மணிக்குள் வழிகாட்டி ஆனந்தகுமார் சாரின் கையெழுத்து ப்ராஜெக்டில் விழாவிட்டால் திங்கட்கிழமைத் தேர்வு அவளுக்கில்லை என்றிருந்த அந்த வெள்ளிக்கிழமைப் பிற்பகலை, நெஞ்சுரம் உள்ளோர் மட்டும் கேட்பீராக.

கோபால்ட் அறுபது என்னும் கதிர்வள்ளல் சிதைந்து நிக்கலாகுங்கால், அந்நிக்கற்கரு ஆற்றல் மட்டம் என்னும் மாடியில் போய் நிற்கும். இரண்டு படிகளில் தரையிறங்கும். படிக்கொரு காமாக் கதிரை வீசும். ஆகவே கணினித்திரை என்னும் செருக்களத்தில் எழவேண்டியவை, கிலோ எலக்ட்ரான் வோல்ட் கணக்கில், 1173, 1332 என்று இரண்டே முகடுகள். எழுந்தன. காலையில் இல்லாத மூன்றாவதொன்று, மதியச் சோற்றுக்குப் பின், 1460இல் அழையாத விருந்தாளியாக வந்து நிமிர்ந்து நின்றது.

பொங்கினாள் மங்கை. உணர்கருவியைச் சுற்றி நாற்றிசையும் ஈயக்கட்டிகளால் கோட்டை எழுப்பினாள். மின்னழுத்தத்தை ஏற்றினாள், இறக்கினாள். பகைமுகடோ பச்சைத்தண்ணீர் குடித்த தெம்பில் வளர்ந்தது. வீழ்த்த இயலாததற்கு முடிசூட்டத் துணிந்து, "நிக்கலின் புதிய ஆற்றல் மட்டம் கண்டேன்!" என்று உலகறியப் பறைசாற்றி, அழியா மையால் எழுதியும் விட்டாள் அந்த அவசரக்காரி.

அதைப் படித்த ஆனந்தகுமார் சார் கண்ணாடியைக் கழற்றினார். "கோபால்ட்டை எடுத்துட்டுப் பாத்தியாம்மா?"

பார்க்கவில்லை. எடுத்தாள். இரு முகடுகள் மாய்ந்தன. மூன்றாவது மட்டும் அசையாது நின்றது.

அவ்வமயம் கதவைத் திறந்து புகுந்தவர், தென்னந்தோப்பின் வேந்தரும் மௌனிகாவின் தந்தையுமாகிய ஆறுமுகசாமி. வந்தவர் நேரே குனிந்து, கருவி இருந்த மேசைக்கடியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு கண்ணு. மத்தியானம் நீ சாப்புடப் போயிருந்தயா, லேபு அசிஸ்டெண்டு சிஞ்சுகிட்டச் சொல்லி இங்க வெச்சுட்டுப் போனேன்."

"என்னங்கப்பா அது?"

"தென்னைக்குப் பொட்டாஷு. அம்பது கிலோ."

அந்தோ! பொட்டாசியத்துள் பத்தாயிரத்தில் ஒன்றாய்க் கரந்துறையும் கதிரியக்கப் பொட்டாசியம் நாற்பதே, 1460 என்னும் வாளேந்தி, கோட்டைக்குக் கீழிருந்து பாய்ந்திருக்கிறது! நாற்றிசையும் காத்தவள் அடித்தளத்தைக் காக்க மறந்தாள். பூமி பிளந்து விழுங்காதா என்று நாணி நின்றாள்.

"ஆற்றல் மட்டம்தான், பொய்யில்ல. பொட்டாசியம் சிதைஞ்சா வர்ற ஆர்கானோடது. எல்லாருக்கும் தெரிஞ்ச பழைய மட்டம். அப்படியே எழுது," என்று திருவாய் மலர்ந்தார் சார். மௌனிகா 'நிக்கலின்' என்பதை அடித்து 'ஆர்கானின்' என்றெழுதினாள். 'புதிய' என்பதை இருமுறை அடித்தாள்.

நாலே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஆனந்தகுமார் சாரும் பஸ் ஸ்டாப் வரைக்கும் மூட்டைக்கு ஒரு கை பிடித்தார்.