காது விட்டுப்போன கடிதம்

“இப்போதுன்னு எதுக்குப் போட்டிருக்காங்க?” என்று கேட்டான் செல்வநாதன்.

சூசைராஜுக்குக் கேள்வி புரியவில்லை. பிள்ளைப்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த இன்லேண்டு கடிதத்தை மகனிடம் கொடுத்துவிட்டு, வேலைக்குப் புறப்படக் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில்பாதைக் கேங்மேன் வேலை. கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் எழுத்தோடு அவருக்குப் பழக்கமில்லை.

“எங்க போட்டிருக்காங்க?”

“தோ. ‘பெண்ணை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. பையன் இப்போது நன்றாக இருக்கிறான்.’ நல்லா இருக்கான்னு எழுதினா பத்தாதா? இப்போதுன்னா, முன்னாடி எப்படி இருந்தான்?”

அடுப்படியில் இருந்த லூர்தம்மாளின் கரண்டி நின்றது. மூத்தவள் அருள்மேரிக்கு இருபத்து நாலு வயது. ஏற்கெனவே இரண்டு சம்பந்தங்கள் வந்து, சாப்பிட்டு, திரும்பிப் போயிருந்தன. இது மூன்றாவது. மாப்பிள்ளை ஏசுதாஸ் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர். போன வாரம் வந்து பெண் பார்த்தான். காப்பி நன்றாக இருப்பதாகச் சொன்னான். அருள்மேரி அன்றைக்கு முழுவதும் காரணமில்லாமல் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏண்டா, வெறும் வார்த்தைதானே?” என்றாள் லூர்தம்மாள்.

“வெறும் வார்த்தைன்னு ஒண்ணு கிடையாதும்மா.”

செல்வநாதன் அப்படிப் பிறந்தவன் இல்லை. தினமும் ரயிலேறிச் சென்னைக்குப் போய்ப் புகுமுக வகுப்பு படிக்கிறவன். முதல் தேர்வில் பாடத்தில் இருந்ததை ஒரு புள்ளி விடாமல் ஒப்பித்து எழுதினான். ‘இதை நானும் படித்திருக்கிறேன். நீ என்ன நினைத்தாய்?’ என்று சிவப்பு மையில் எழுதி ஐந்து மதிப்பெண் போட்டிருந்தார் விரிவுரையாளர். அவமானம் தாங்காமல் போய்க் கேட்டான். எதைப் படித்தாலும் மூன்று கேள்வி கேள் என்றார் அவர். எழுதியது யார், எதற்காக எழுதினார், எதை எழுதாமல் விட்டார். மூன்றாவது கேள்வி அவனுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. கூட்டுறவுச் சங்கத் தேர்தல் நோட்டீசில் ஆண்டு போடவில்லை என்பதை ஊரில் முதலில் கண்டுபிடித்தவன் அவன்தான். அடுத்த தேர்வில் அறுபத்தெட்டு மதிப்பெண் வாங்கினான். அதன்பிறகு அவனை யாராலும் நிறுத்த முடியவில்லை.

“மரியாதையா ஒரு வார்த்தை கேட்டு எழுதிடு,” என்றார் சூசைராஜ்.

‘தாங்கள் இப்போது என்ற சொல்லால் குறிப்பது யாது? இதற்கு முன் மாப்பிள்ளை எவ்வாறு இருந்தார்?’ என்று மரியாதையாகவே எழுதினான்.

எட்டாம் நாள் பதில் வந்தது. ‘பையன் முன்பும் நன்றாகவே இருந்தான். வெளியில் யார் என்ன சொன்னாலும் நம்ப வேண்டாம்.’

“யாரு இன்னா சொன்னாங்க?” என்றார் சூசைராஜ்.

“அதைத்தான் விட்டுட்டாங்க,” என்றான் செல்வநாதன்.

லூர்தம்மாள் தண்ணீருக்குப் போன இடத்தில், பிள்ளைப்பாக்கத்து மாப்பிள்ளையைப் பற்றி ஏதாவது பேச்சு உண்டா என்று விசாரித்தாள். அதுவரை யாரும் எதுவும் பேசியிருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் மூன்று பேர் பேசினார்கள். மாப்பிள்ளைக்கு ஏதோ வியாதி என்பதில் மூவரும் ஒத்துப்போனார்கள். என்ன வியாதி என்பதில்தான் ஒற்றுமை இல்லை.

செல்வநாதன் இரண்டாவது கடிதம் எழுதினான். ‘மாப்பிள்ளையின் தேக நிலை குறித்து விவரமாகத் தெரிவிக்கவும்.’

பதிலில் விவரம் இருந்தது. ‘பையனுக்குக் கண், மூக்கு, பல், கை, கால் யாவும் குறைவின்றி உள்ளன.’

செல்வநாதன் அதை மூன்று முறை படித்தான். பென்சிலால் ஓர் இடத்தில் கோடு போட்டான்.

“காது இல்லை,” என்றான்.

“இன்னாது?”

“தலையிலேர்ந்து கால் வரைக்கும் எழுதியிருக்காங்க. பல்லைக்கூட விடலை. காதை மட்டும் விட்டிருக்காங்க.”

லூர்தம்மாள் மெதுவாக உட்கார்ந்தாள். “அன்னிக்கு இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்தட்டுமான்னு கேட்டேன். சிரிச்சுக்கினே இருந்தாரு. பதிலே சொல்லல.”

அருள்மேரி உள்ளேயிருந்து வந்தாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். தம்பி கையில் இருந்த கடிதத்தை வாங்கி, நின்றபடியே படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“என்னைப் பத்தி அவங்களுக்கு நீ எழுதினியே, என் காதைப் பத்தி எழுதினியா?”

“இல்ல.”

“அப்போ எனக்கும் கேக்காதா?”

“அது வேற, அக்கா.”

“எப்படி வேற?”

விரிவுரையாளர் அதற்கு எதுவும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் அன்று மாலையே, மாப்பிள்ளையின் செவித்திறன் குறித்து ஒரு வரி தெரிவிக்குமாறு மூன்றாவது கடிதத்தை எழுதித் தபாலில் சேர்த்தான்.

அதற்குப் பதில் வரவில்லை. பத்து நாள் ஆயிற்று, பதினைந்து நாள் ஆயிற்று.

“பதில் வரலைன்னா அதுவும் ஒரு பதில்தான்,” என்றான் செல்வநாதன்.

அவர்கள் கோபித்துக்கொண்டார்கள், இதுவும் போயிற்று என்று லூர்தம்மாள் அழுதாள். சூசைராஜ் இரண்டு நாள் யோசித்தார்.

“லெட்டர்லாம் போதும். ஞாயித்துக்கிழமை நேர்ல போய்ப் பாத்துடலாம். காது கேக்குதான்னு நானே பாத்துக்கறேன்.”

மாதா கோவிலில் பூசை முடிந்ததும் அப்பாவும் மகனும் ஆளுக்கொரு சைக்கிளில் ஒரகடம் வழியாகப் புறப்பட்டார்கள். கதவைச் சாத்தி அனுப்பினால் என்ன செய்வது என்று வழியில் சூசைராஜ் இரண்டு முறை கேட்டார்.

கதவு திறந்தே இருந்தது. வீட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா யாக்கோபு தெருவரைக்கும் ஓடிவந்து சைக்கிளை வாங்கிக்கொண்டார். அம்மா அன்னபுஷ்பம் கோழி அடிக்க ஆள் அனுப்பினாள். ஆவடியிலிருந்து வந்திருந்த ஏசுதாஸ் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தான்.

சூசைராஜ் இதுதான் சமயம் என்று பார்த்தார். அவன் முதுகுக்குப் பின்னால், ரொம்ப மெதுவாக, “ஏசுதாஸு,” என்றார்.

“கூப்டீங்களா மாமா?” என்று திரும்பினான் ஏசுதாஸ்.

“இல்ல, இருமல்,” என்றார் சூசைராஜ். ஒரு முறை இருமியும் காட்டினார். அவர் முகம் ஒரு மாதத்துக்குப் பிறகு தெளிந்தது. மகனை மட்டும் அவர் பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது.

யாக்கோபு செல்வநாதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“படிச்ச புள்ள எழுத்துன்னா எழுத்துதான் தம்பி. கடைசியா எழுதியிருந்தியே, ‘எங்க பொண்ணு ஒங்க வூட்டுக்கு வரதுல எங்களுக்கு ஒரு கவலையும் இல்ல, பொங்கல் கழிச்சு வெச்சுக்கலாம்’னு. அத ரெண்டு வாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டேன். இவ அழுதுட்டா. புடவை எடுக்கவே காஞ்சிபுரம் போய் வந்துட்டோம்.”

கிண்டலாக இருக்குமோ என்று செல்வநாதன் அவர் முகத்தைப் பார்த்தான். யார் சொல்கிறார், எதற்குச் சொல்கிறார், எதை விடுகிறார் என்று வரிசையாகக் கேட்டுப் பார்த்தான். அந்த முகத்தில் சந்தோஷத்தைத் தவிர எதுவும் இல்லை.

“யாரு படிச்சாங்க?”

“எங்களுக்கு எழுத்து ஏது? தபால்காரரு முனிரத்தினந்தான். படிக்கறதும் அவர்தான், எழுதறதும் அவர்தான். பொண்ணு பாத்த அன்னிக்கே இவ ஒங்க அக்காகிட்ட சொன்னாளே. இன்னிக்கு சாப்பிடக் கூப்ட்டிருக்கோம். தோ வராரே.”

முனிரத்தினம் ஞாயிற்றுக்கிழமைக்கான வெள்ளை வேட்டியில் வந்தார். செல்வநாதன் அவரை மாட்டுக்கொட்டகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

“அந்த லெட்டர்ல காதை ஏன் விட்டீங்க?”

“ஒன் கேள்விக்கெல்லாம் பதில் நானா எழுதினதுதான். இன்லேண்டுல எடம் தீந்துபோச்சு, தம்பி.”

“முதல் லெட்டர்ல இப்போதுன்னு?”

“அது நான் எல்லா லெட்டர்லயும் போடறது. ஒரு அழகா இருக்கும்.”

“மூணாவதுக்குப் பதிலே இல்லையே.”

“காது கேக்குதுன்னு ஒரு மனுசனுக்கு எப்படி எழுதறது? அதான் வுட்டுட்டேன்.”

வீட்டுக்குள் சூசைராஜ் சிரிக்கும் சத்தம் கேட்டது. செல்வநாதன் குரலைத் தாழ்த்தினான்.

“நான் கேட்டு எழுதின மூணுலயும் கவலை இல்லைன்னு ஒரு வரி கிடையாது. பொங்கலும் கிடையாது. இல்லாததை நீங்களா சேர்த்துப் படிச்சீங்களா?”

முனிரத்தினத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. இருபது வருட உத்தியோகத்தில் அவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

“எழுத்துல இல்லாத ஒரு வார்த்தைய நான் படிக்க மாட்டேன் தம்பி. ஒன் லெட்டர் வர அன்னிக்கெல்லாம், என் பேருக்குத் தனியா ஒரு கார்டு வரும், ‘தம்பி எழுதினதை விட்டுட்டு இதைப் படிங்க’ன்னு, கீழ அருள்மேரின்னு கையெழுத்துப் போட்டு.”