குளத்தில் உடைத்த தேங்காய்

ஆண்பிள்ளை என்றால் ஒரு நாளாவது மனைவியைக் கேட்காமல் மீன் சாப்பிட வேண்டும் என்று முடிவெடுத்தேன். முடிவை உரக்கச் சொல்லவில்லை. கனகாம்பிகை அடுத்த அறையில் இருந்தாள்.

கனகாம்பிகை என் மனைவி. லண்டனில், சட்டன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டின் கவுன்சில், பார்லிமென்ட், மேன்முறையீட்டு நீதிமன்றம் எல்லாம் அவள்தான். எனக்கென்று இருந்த ஒரே சலுகை மீன் தலை. எந்த மீன் கொதித்தாலும் தலை என் தட்டுக்கு வரும். அந்த ஒரு ஆதாரத்தை வைத்துக்கொண்டுதான் நானும் குடும்பத் தலைவன் என்று சொல்லித் திரிந்தேன்.

திருவெம்பாவை தொடங்கியதும் அதுவும் போயிற்று. பத்து நாளும் வீட்டில் மரக்கறி. கத்தரிக்காய், வாழைக்காய், மறுபடியும் கத்தரிக்காய். நாளை எண்ணக்கூட எனக்குத் தெம்பில்லை.

“எப்பவப்பா முடியுது?”

“முடியேக்க சொல்லுவன்.”

மீன் பொரித்து விற்கும் சிப்ஸ் கடை பக்கத்திலேயே இருக்கிறது. போன வருடம் ஒளித்துப் போய்ச் சாப்பிட்டேன். கோட்டில் வினிகர் மணந்தது. கோட்டு ஒரு கிழமை வெளியே கொடியில் தொங்கியது. கோட்டோடு என்னையும் தொங்கவிடாதது அவள் பெருந்தன்மை.

இந்த நிலையில்தான் ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகும் நண்பன் ஞானரட்ணம் ஒரு வீடியோக் கொப்பியோடு வந்தான்.

“கனடாவில என்ர மச்சான், ஐசில ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறான் பார். கிராப்பியாம். தாச்சிக்குள்ள முழுசா அடங்கிற மீன்.”

“சட்டனில ஏதடா ஐஸ்?”

“பார்க் குளம் உறைஞ்சுபோய்க் கிடக்கு. அங்கயே பிடிச்சு, அங்கயே பொரிச்சு, அங்கயே சாப்பிட்டால் ஆருக்கு மணக்கும்?”

இப்படிப்பட்ட மூளை யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியது நாட்டுக்கு நட்டம். அன்று பின்னேரமே குசினிக்குப் போனேன். கனகாம்பிகை ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

“நாளைக்கு விடிய ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போறன்.”

அவள் கையில் அகப்பை அப்படியே நின்றது.

“நீங்களோ?”

“ஓம். திருவெம்பாவைப் பூசைக்கு.”

“திருவெம்பாவைப் பூசைக்கு?”

“ஓமப்பா. ஞானரட்ணம் காரில கொண்டுபோறான்.”

“வேதக்காரர் உங்களுக்கு முருகனைக் காட்டப்போறாராக்கும்.” சிரித்தாள். “நல்லது. போட்டு வாங்கோ. வெறுங்கையோட மட்டும் போகாதேங்கோ.”

காலையில் தேங்காய், வாழைப்பழம், கற்பூரம் எல்லாம் பையில் போட்டுத் தந்தாள். இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறாளே என்று எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

ஞானரட்ணம் தூண்டில், தாச்சி, காஸ் அடுப்பு, மிளகாய்த்தூள், உப்பு எல்லாம் கொண்டுவந்திருந்தான். ஐசில் ஓட்டை போட மட்டும் ஒன்றும் கொண்டுவரவில்லை.

“அந்தத் தேங்காயைத் தா.”

“டேய், அது முருகனுக்கு!”

“முருகன் கோவிக்கமாட்டார். மயிலில வந்தாலும் இந்தக் குளிருக்குத் திரும்பிப் போயிருப்பார்.”

ஓங்கி எறிந்தான். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. ஐசுக்கு ஒரு கீறலும் இல்லை. சரிபாதியாக உடைந்தால் நல்ல சகுனம் அல்லவா? ஒரு பாதியை எடுக்கலாம் என்று கரையோரமாக ஒரு காலை வைத்தேன். படார்! முழங்கால்வரை நான் உள்ளே.

“ஓட்டை ரெடி!” என்றான் ஞானரட்ணம்.

என் காலை எடுத்த இடத்தில் தூண்டிலைப் போட்டோம். நாங்கள் விறைத்துச் சாகும் தறுவாயில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன் வந்தது. பேர்ச். தாச்சியில் எண்ணெய் கொதித்தது. என் கண்ணில் நீர் வந்தது.

அப்போது நாயோடு ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்தார். கை தட்டினார். அருமையான மீன் என்றார். பிறகு போகாமல் நின்றார். எதற்கு நிற்கிறீர்கள் என்று கேட்டோம். மீனைத் திரும்பத் தண்ணீரில் விடுவதைப் பார்க்கத்தானாம். இந்த நாட்டில் குளத்து மீனைப் பிடித்து, பாராட்டி, வழியனுப்பி வைப்பார்களாம். அவர் முகத்தைப் பார்த்தோம், நாயின் பல்லைப் பார்த்தோம், மீனை விட்டோம்.

கொதிக்கிற எண்ணெய்க்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டுமே. முருகனுடைய வாழைப்பழத்தைப் பொரித்துக் கிழவருக்கும் ஒரு துண்டு கொடுத்தோம்.

மத்தியானம் வீடு திரும்பினேன். துணைக்கு ஞானரட்ணத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

“பூசை எப்பிடி?” என்றாள் கனகாம்பிகை.

“அந்தமாதிரி நல்ல பூசை. சரியான சனம்.”

“காற்சட்டை ஏன் நனைஞ்சிருக்கு?”

“கோயில் வாசலில கால் கழுவினனான்.”

“சப்பாத்தோடையோ?”

“குளிரெல்லோ!”

“இவ்வளவு நேரமும்?”

“சாமிக்கு முன்னால நிண்டு கும்பிட்டனான்.”

“நேர்த்தி ஏதும் வைச்சனீங்களோ?”

போகாத கோயிலில் வைக்காத நேர்த்திக்குக் கஞ்சத்தனம் எதற்கு?

“ஓம். தைப்பூசம் வரைக்கும் மீன் மச்சம் தொடுறேல்லை.”

“உண்மையோ, ஞானரட்ணம் அண்ணை?”

“சத்தியமாத் தங்கச்சி. காரில வரேக்கையும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தவர்.”

அவள் குசினிக்குள் போய் ஒரு சட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள். அறக்குளா மீன் குழம்பு! பழப்புளியும் வெந்தயமும் மணந்த மணத்தில் என் நனைந்த கால்கூடச் சூடேறியது.

“கனகம், திருவெம்பாவை...?”

“நேற்றுக் காலமையோட முடிஞ்சுது. ‘நாளைக்கு மீன்’ எண்டு சொல்லத்தான் நேற்றுப் பின்னேரம் வாயைத் திறந்தனான். நீங்கள் முடிஞ்ச பூசைக்குப் போறன் எண்டு நிண்டீங்கள்.”

எனக்கு வாய்விட்டு அழவேண்டும்போல இருந்தது.

“நேர்த்தியைக் கொஞ்சம் தள்ளிவைக்க ஏலாதோ?”

“முருகனிட்டைக் கேளுங்கோ. இண்டைக்குத்தானே கண்டு கதைச்சிட்டு வந்தனீங்கள்.”

சத்தியம் செய்த சண்டாளன் ஞானரட்ணத்துக்கு நடுத்துண்டு இரண்டு. எனக்குக் கத்தரிக்காய். பிறகு கனகாம்பிகை அகப்பையைச் சட்டிக்குள் விட்டுத் துழாவி, என்னைப் பார்த்துக்கொண்டே, மீன் தலையை எடுத்துத் தன் தட்டில் வைத்தாள்.